மலையேறிய சுமைதாங்கி

கெண்டையாற்றுப் பள்ளத்தாக்கில் சுமைதாங்கிக் கல் நடக்கத் தொடங்கிய வருஷம், ஆடிப்பெருக்குக்கு முன்பே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஏணிமலையில் சாமை நன்றாகப் பிடித்திருந்தது, ஏணிமலை ஊரிலிருந்து கோட்டை இடிபாடுகள் வழியாக ஆத்துமேட்டு பஸ் நிறுத்தம் வரை ஏழு கிலோமீட்டர் நடைவழிக்கு மஞ்சள் அம்புகள் வரைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதனால் கல் இடம் மாறியதை முதலில் கண்டுபிடித்தது ஊர்க்காரர்கள் அல்ல, வரைபடம்தான்.

அம்புகளை வரைந்தவர் தீர்த்தகிரி. ஐம்பத்தாறு வயது, வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்த மனிதர். நடைவழித் திட்டத்துக்காக சேலத்திலிருந்து வந்திருந்த ஷர்மிளா, மலையைத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது ஊரே அவரைக் கைகாட்டியது. அவரும் மறுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோன ஒரு பாதையில் தினமும் நின்று பெயிண்ட் அடிக்க ஏன் ஒத்துக்கொண்டோம் என்று அவர் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு.

"தீர்த்தகிரி அண்ணா, இந்தச் சுமைதாங்கியை எங்க குறிச்சீங்க?" என்றாள் ஷர்மிளா. கையில் ஜிபிஎஸ் கருவி, தலையில் துண்டு.

"கோட்டை வாசலுக்கு இடப்பக்கம், புங்க மரத்தடியில."

"வந்து பாருங்க. இப்ப நாப்பது அடி மேல நிக்குது."

போய்ப் பார்த்தார். உடைந்த வாசலின் இடப்பக்கம், கல் இருபத்தெட்டு வருஷம் நின்ற இடத்தில், இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. உள்ளே மண் ஈரமாக, மண்புழு நெளிய, பல் பிடுங்கிய ஈறுபோல இருந்தது. குழிகளிலிருந்து மேட்டுப் பக்கமாக இரண்டு தடங்கள் போயின. ஏர் உழுத சால் மாதிரி நேராக இல்லை. காலை இழுத்து இழுத்து நடப்பவர்களின் தடம் மாதிரி, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. தடங்கள் முடிந்த இடத்தில், பாதை ஓரத்தில், இரண்டு கால்கள்மேல் குறுக்குப் பலகையோடு கல் நின்றது, எப்போதும் அங்கேதான் நின்றதுபோல.

"நான்தான் தப்பாக் குறிச்சிட்டேன் மேடம்" என்றார் தீர்த்தகிரி. வரைபடத்தை வாங்கி, இருந்த புள்ளியை அழித்து, மேலே புதுப்புள்ளி வைத்தார். அந்தக் கல்லின் இடத்தைப் பற்றி அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.

முதல் பொய் இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தியது.

அது பூங்காவனத்தின் கல். பூங்காவனம் அவருடைய மனைவி. கர்ப்பத்தோடு ஒரு பெண் செத்துப்போனால், அவள் உயிர் போன இடத்தில், ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே கிடத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இன்னொருவர் கை வேண்டாமலே சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். முகம் தெரியாத யாரோ இறக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும், அவள் இறக்காமலே கொண்டுபோன சுமையில் ஒரு பிடி குறையும் என்பார்கள். ஆனால் இடம் முக்கியம். உயிர் போன இடத்தில் நட்டால்தான் அது சுமைதாங்கி, இல்லாவிட்டால் வெறும் கல்.

பூங்காவனத்தின் உயிர் எங்கே போனது என்று தீர்த்தகிரிக்குத் தெரியாது.

எட்டாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. அன்றைக்கு ஆத்துமேட்டில் ஆற்றம்மன் திருவிழா. ஊர் ஆண்கள் எல்லோரும் கிடா வெட்டக் கீழே போயிருந்தார்கள். அவளுக்குக் காலையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. மலையில் இருந்த ஆண்கள் இரண்டே பேர், தீர்த்தகிரியும் பூங்காவனத்தின் தம்பி வேடியப்பனும். மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, அதில் அவளைக் கிடத்தி, கழியின் முன்நுனியை வேடியப்பனும் பின்நுனியை தீர்த்தகிரியும் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆற்றுக்கு அப்பாலிருந்த ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். ஆற்றின் முதல் துறையைத் தாண்டி மணலில் தூளியை இறக்கியபோது அவள் குளிர்ந்திருந்தாள். பதினாறாம் நாள் கல் நடுவதற்காகப் பெரியவர்கள் கூடி, எந்த இடம் என்று கேட்டார்கள். "கோட்டை வாசல்கிட்ட ஒரு பெருமூச்சு விட்டா, அப்பத்தான்" என்றார் தீர்த்தகிரி. பெருமூச்சு எதுவும் வரவில்லை. வாசலடி சமதரை, புங்க மர நிழலும் உண்டு, விறகுச் சுமையோடு வருகிறவர்களுக்குத் தோதான இடம். எல்லோருக்கும் திருப்தி. எட்டுப் பேர் சேர்ந்து பலகைக்கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கல்மேல் இறங்காத சுமை இல்லை, தீர்த்தகிரியுடையதைத் தவிர. பெயிண்ட் டப்பாவைக்கூட அவர் தரையில்தான் வைப்பார்.

இப்போது கல் நடக்கிறது. தன் இடத்தைத் தேடித்தான் நடக்கிறது என்று, குழிகளின் ஈரத்தைத் தொட்ட நிமிஷத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அது போய் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவள் செத்தாள். அதை அவர் பார்த்தாக வேண்டும், பார்க்கவும் பயமாக இருந்தது.

கல் தினமும் நடக்கவில்லை. நடந்த நாட்களில் உச்சிவேளையில் மட்டுமே நடந்தது. வெயில் தலைக்கு நேரே நின்று, ஆடுகள் நிழலில் படுத்து, மனிதர்களின் நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும் அந்த அரைமணி நேரத்தில், யாரும் பார்க்காதபோது, சில நாள் இரண்டடி, சில நாள் ஐம்பதடி, ஒருமுறை இருநூறு அடி. கோயம்புத்தூரிலிருந்து நடக்க வந்த ஒருவர் தன் செல்போனை எதிர்ப்பாறையில் நிறுத்தி நாற்பது நிமிஷம் படம் பிடித்தார். படத்தில் கல் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நடுவில் ஒரு வெள்ளாடு குறுக்கே போனது. ஆடு போன பிறகு கல் நாலடி மேலே இருந்தது. மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி நாடா பிடித்து அளந்து, 'கல் நகர்த்தப்பட்டுள்ளது' என்று எழுதி, யாரால் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, கெம்பம்மா கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

கெம்பம்மா வாசலடியில் நடைக்காரர்களுக்காக டீக்கடை போட்டிருந்தவள். கல் நகர்ந்து ஒரு வாரத்தில் அவளும் அடுப்பையும் பெஞ்சையும் மேலே மாற்றினாள். இன்னொரு வாரத்தில் மறுபடி மாற்றினாள். மூன்றாம் முறை அடுப்புக்குக் கல் கூட்டும்போது, "ஏண்டி பூங்காவனம், உயிரோட இருந்தப்போ ஒரு இடத்துல உக்காந்து பார்த்ததில்ல, இப்பவும் அப்படியேவா? எனக்கு முட்டி வலிக்குதுடி, போறதுன்னா ஒரேயடியாப் போய்ச் சேரு" என்று கல்லைப் பார்த்துத் திட்டினாள். திட்டிவிட்டு முதல் டீயை அதன் பலகைமேல் வைத்தாள். அன்றிலிருந்து அவள் கடையில் முதல் டீ கல்லுக்கு என்றானது.

ஷர்மிளா வரைபடத்தை மூன்று முறை மாற்றி அச்சடித்தாள். நான்காம் முறை கல்லின் புள்ளியையே எடுத்துவிட்டு, ஓரத்தில் 'சுமைதாங்கி: கோட்டை வாசலுக்கும் ஏணிமலைக்கும் இடையில் எங்காவது' என்று போட்டாள். நடக்க வருகிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இறங்கி வரும்போது அடுத்த வளைவில் இருக்குமா, அதற்கடுத்த வளைவில் இருக்குமா என்று தேடிக்கொண்டு வந்து, கண்டதும் பையை இறக்கி வைத்து நின்றார்கள்.

ஊர் தனக்கென்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி மேடேறும்போது யாரும் வெறித்துப் பார்க்கக் கூடாது, கூசிப்போய் நின்றுவிடுவாள் என்று பெண்கள் சொன்னார்கள். ஆகவே உச்சிவேளையில் எல்லோரும் திரும்பி நின்றார்கள். கெம்பம்மா பெஞ்சைத் திருப்பிப் போட்டாள். விறகு வெட்டுகிறவர்கள் மரத்தைப் பார்த்து நின்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த பன்னிரண்டு பேர் கொண்ட குழுகூட, தீர்த்தகிரி சொன்னதும், எதற்கு என்று கேட்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்து வரிசையாக அரைமணி நேரம் நின்றது. கீழே கெண்டையாறு வெயிலில் தகரம்போல மின்னியது. முதுகுக்குப் பின்னால், மண்ணில் ஏதோ கனமாக இழுபடும் சத்தம்.

வேடியப்பன் நடைக்காரர்களின் பைகளைத் தூக்குகிறவன். ஐம்பத்திரண்டு வயதிலும் இரண்டு பைகளை முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்குவான். எல்லோரிடமும் வேடிக்கை பேசுவான். தீர்த்தகிரியிடம் மட்டும் கயிறு, பெயிண்ட், மழை வருமா என்பதைத் தாண்டிப் பேசமாட்டான். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

"அக்கா இன்னிக்கு ரெண்டே அடி" என்பான் கெம்பம்மாவிடம். "வயித்துப் பாரம். மெதுவாத்தான் வருவா."

"எங்கடா வரா?"

"வேற எங்க? தலைப்பிரசவம் அம்மா வூட்லதானே? எங்க வூட்டுக்குத்தான் வரா."

"ஆமா, நீ கஞ்சி ஊத்துவேன்னு நம்பி வராளா? உம்பொண்டாட்டி ஊத்தற கஞ்சியில அரிசியைத் தேடணும். அவ புருஷன் வூட்டுக்குத்தான் போவா, பாரு."

இது ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. கல் கீழே, ஆற்றுப் பக்கம், ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. அது மேலே வந்தது. வீட்டுக்கு வந்தது. பெண்கள் மாதம் எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பேர் இறங்கிப்போய், கல்லின் இரண்டு கால்களுக்கும் மஞ்சள் பூசி, கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கட்டி, ஐந்து வகைச் சோறு கிளறி வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு கல் நகரும்போது வளையல் சத்தமும் கேட்டது.

ஆனால் தீர்த்தகிரிக்கு அதைவிடப் பெரிய விஷயம் அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய வாரமே நடந்துவிட்டிருந்தது. கல் தொம்பரையடியில் வந்து நின்றது.

தொம்பரை என்பது கோட்டைக்குள் இடியாமல் மிச்சமிருக்கும் ஒரே கட்டடம், பழைய காலத்துத் தானியக் களஞ்சியம். பானையைக் கவிழ்த்ததுபோல உருண்டையானது. உள்ளே வௌவால். கல் அதன் நிழலில் பதினெட்டு நாள் அசையாமல் நின்றது. சரி, வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தார் தீர்த்தகிரி. தொம்பரையைத் தாண்டியதுமே செத்திருக்கிறாள். அப்படியானால் அதற்கப்புறம் வாசல் வரை, ஆறு வரை, மூச்சிரைக்க ஓடியதெல்லாம் சும்மா. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அப்படி நினைத்தபோது அவர் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

ஏனென்றால் தொம்பரையடியில்தான் அவள் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இறக்கி வைங்க. ஒரு நிமிஷம். நேராப் படுத்துக்கறேன்."

தூளி தூக்குவதில் ஏணிமலைக்காரர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. முன்னால் பிடிப்பவன் வழியைப் பார்க்க வேண்டும், பின்னால் பிடிப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டும், எப்போது நிற்பது என்று சொல்ல வேண்டியவன் பின்னால் இருப்பவன், முன்னால் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. இது ஒன்று. உயிருள்ளவரைச் சுமக்கும் தூளி, தூக்கிய இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் தரையைத் தொடக் கூடாது. பாடையைத்தான் நடுவழியில் இறக்கி வைத்து மாற்றுவார்கள். தூளியை நடுவழியில் இறக்கினால் அது பாடையாகிவிடும். இது இரண்டாவது. பிறந்ததிலிருந்து கேட்ட விஷயம். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆகவே தீர்த்தகிரி அவள் முகத்தைப் பார்க்காமல், கழியைப் பார்த்துக்கொண்டு, "இதோ ஆறு வந்துடுச்சு" என்றார். ஆறு இன்னும் ஒரு மணி நேர தூரத்தில் இருந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வாசலைத் தாண்டும்போது முன்னாலிருந்து வேடியப்பன், விதியை மீறி ஒரே ஒருமுறை, திரும்பாமல், "அக்கா சத்தத்தையே காணோமே?" என்றான்.

"தூங்கிட்டா. நட" என்றார் தீர்த்தகிரி.

அது பொய்யா, அவரே நம்பினாரா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவள் பேசாமல் வந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குச் சற்று நிம்மதியாக இருந்தது என்பது மட்டும் தெரியும். தொம்பரையிலேயே போய்விட்டாளா? அல்லது கேட்டும் பிரயோஜனமில்லை என்று புரிந்து, வாயை மூடிக்கொண்டு, ஆறு வரை உயிரோடு ஆடிக்கொண்டே வந்தாளா? இந்த ஒரு கேள்விதான் இருபத்தெட்டு வருஷமாக அவருடைய வலது தோளில் உட்கார்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் உச்சியில் கல் தொம்பரையை விட்டு மேலே நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து வழுக்குப்பாறையில் போய் நின்றது. அங்கே பன்னிரண்டு நாள். தீர்த்தகிரி தினமும் பெயிண்ட் டப்பாவோடு போய், ஏற்கெனவே மஞ்சளாக இருந்த அம்பின்மேல் மறுபடி மஞ்சள் அடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் கல்லைப் பார்த்தார். இங்கே அவள் இரண்டாவது முறையாகக் கேட்டாள். "குளிருதுங்க, இறக்கி வைங்க." இங்கே அவள் நிச்சயமாகச் சாகவில்லை, இதற்கப்புறமும் பேசினாளே! அப்படியானால் இந்தக் கல் உயிர் போன இடத்தைத் தேடவில்லை.

அடுத்தது நாவல்மரத் திருப்பம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் முதல்முறை கேட்ட இடம். இன்னும் ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அங்கே கேட்கும்போது சிரித்தாள்கூட. "ரெண்டு பேரும் என்னமா ஆட்டறீங்க, இறக்கி விடுங்க, நானே நடந்துடுவேன்." கல் நாவல்மரத்தடிக்கு வந்தபோது மரம் பருவம் தப்பிப் பழுத்திருந்தது. பழங்கள் பலகைமேல் விழுந்து நசுங்கி ஊதாக் கறையாக வழிந்தன. நடைக்காரர்கள் அதைப் படமெடுத்தார்கள். தீர்த்தகிரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துடைத்தார். கறை போகவில்லை. துடைக்கத் துடைக்கப் பரவியது.

பக்கத்தில் பைகளோடு வந்து நின்ற வேடியப்பன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாவப்பழக் கறை மாமா, போவாது" என்றான். பையை இறக்கி வைக்காமலே நடந்துவிட்டான். அன்றுதான் முதல்முறையாக அவன் அந்தக் கல்லில் சுமையை இறக்காமல் போனதை தீர்த்தகிரி பார்த்தார்.

பங்குனியில் கல் ஊரை எட்டியது. அம்மா வீட்டுக்கா, புருஷன் வீட்டுக்கா என்ற வழக்கு அதற்குள் முற்றியிருந்தது. வேடியப்பன் மனைவி ஓர் அறையைக் காலிசெய்து சாணம் மெழுகி, புதுப்பாய் வாங்கிப் போட்டிருந்தாள். எதிர்க்கட்சிக்காரர்கள் தீர்த்தகிரியைக் கேட்காமலே அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஊர் எல்லையில் களப்பாறை இருக்கிறது. சாமை அடிக்கிற அகலமான பாறை. அதிலிருந்து வலப்பக்கம் போனால் வேடியப்பன் வீடு, இடப்பக்கம் போனால் தீர்த்தகிரி வீடு. கல் களப்பாறையின் விளிம்பில், இரண்டு பாதைக்கும் சரிநடுவில், வந்து நின்றது.

நின்றது நின்றபடி நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். தினமும் உச்சியில் ஊரே முதுகைக் காட்டி நின்றது, திரும்பிப் பார்த்தது, ஏமாந்தது. "நேத்து வலதுகால் லேசா எங்க பக்கம் சாஞ்சுது" என்றார்கள் இவர்கள். "உங்க கண்ணு சாஞ்சுது" என்றார்கள் அவர்கள். பேச்சு வளர்ந்து ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பந்தியாகப் பிரிந்து சாப்பிடுகிற அளவுக்குப் போயிற்று. மலை உச்சி வரை அடுப்பைச் சுமந்து வந்துவிட்ட கெம்பம்மா, "அவளுக்கு என்னாதான் வேணுமாம்? கேட்டாத்தானே தெரியும்" என்றாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று ஊரில் ஒருவருக்குத் தெரியும். தூளியைக் கட்டியது இந்தக் களப்பாறையில்தான். கழியைத் தோளில் ஏற்றியது இந்த விளிம்பில்தான். கல் தூக்கிய இடத்துக்கு வந்திருந்தது. இனி நடக்க அதற்கு வழியில்லை. இரண்டு கால்கள், குறுக்கே ஒரு பலகை. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் கிடத்திய ஒருத்தி. இத்தனை வருஷம் அந்த உருவத்தைப் பார்த்தும் அது என்னவென்று தனக்குத் தெரியாமல் போனதை நினைத்து அவர் தன்னையே வெறுத்தார். ஆனால் பலகையை ஒருவராக இறக்க முடியாது. இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் யாராக இருக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னால்தான் அவன் கை கொடுப்பான். சொன்னால் அந்தக் கை தன் கழுத்துக்கு வரலாம். வரட்டும் என்று நினைக்க அவருக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

பதினெட்டாம் நாள், உச்சிக்குக் கொஞ்சம் முன்பு, களப்பாறையில் பைக்கயிற்றை முடிந்துகொண்டிருந்த வேடியப்பனிடம் போனார்.

"வேடி."

"கயிறா மாமா? உள்ள இருக்கு."

"கயிறு இல்லடா. வாசல்கிட்ட உங்கக்கா பெருமூச்சு விடல. நான் பொய் சொன்னேன்."

வேடியப்பன் முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அவ உயிர் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் முகத்தைப் பார்க்கல. மூணு வாட்டி இறக்கி வைக்கச் சொன்னா. நாவல்மரத்துல, வழுக்குப்பாறையில, தொம்பரையில. நான் இறக்கல. இறக்கினாப் பாடையாயிடும்னு பயம். உங்கிட்ட 'தூங்கிட்டா'ன்னு சொன்னேன். நீ முன்னால இருந்த, உனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. எல்லாம் நான்தான்."

கயிற்றின் முடிச்சு இறுகியது. ஊர் ஒவ்வொருவராகத் திரும்பி நிற்கத் தொடங்கியிருந்தது.

"கேட்டுச்சு மாமா" என்றான்.

"என்னாது?"

"மூணு வாட்டியும் கேட்டுச்சு. நாவல்மரத்துல சிரிச்சா. எல்லாம் கேட்டுச்சு." அவன் கயிற்றைக் கீழே போட்டான். "முன்னால இருக்கறவன் பேசக் கூடாதே. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு நடந்தேன். நான் சும்மா நின்னிருந்தாப் போதும். நான் நின்னா நீயும் நின்னுதானே ஆவணும்? தொம்பரையில கால் நின்னுச்சு மாமா, ஒரு நொடி. உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியும். தொம்பரையடியில் கழி ஒரு நொடி தன் தோளில் இடித்தது அவருக்கு நினைவிருந்தது. கல் தடுக்கியது என்று நினைத்திருந்தார்.

"அப்புறம் நீ ஆறு வந்துடுச்சுன்ன. நான் நடந்தேன்" என்றான் வேடியப்பன். "இத்தினி வருஷம் உங்கிட்ட ஏன் பேசலன்னு நினைச்ச? உம்மேல கோவம்னு நினைச்சியா?"

உச்சி வந்துவிட்டது. நிழல்கள் காலடியில் சுருண்டன. ஏணிமலையின் நூற்றுச் சொச்சம் பேரும், கெம்பம்மாவும், ஷர்மிளாவும், அன்று நடக்க வந்திருந்த ஒன்பது பேரும் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் வேடியப்பன் கல்லின் முன்பக்கம் போய் நின்றான். தீர்த்தகிரி பின்பக்கம் போய் நின்றார்.

"எட்டுப் பேர் தூக்கினது மாமா."

"புடி."

பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தார்கள். அது எழுந்தது. எட்டு ஆள் கனம் இல்லை. ஒல்லியான ஒரு பெண்ணின் கனம், எட்டு மாதம், ஈரமான கம்பளியோடு. அந்தக் கனத்தை தீர்த்தகிரியின் வலது தோள் இருபத்தெட்டு வருஷமாக ஒரு குன்றிமணிகூடக் குறையாமல் ஞாபகம் வைத்திருந்தது. அதனால் உடனே தெரிந்துகொண்டது. வளையல்கள் ஒருமுறை குலுங்கின. முதுகைக் காட்டி நின்றவர்களில் யாரோ விசும்பினார்கள், யாரும் திரும்பவில்லை. இரண்டு பேரும் மெதுவாக முழங்காலை மடக்கி, முதலில் கால்மாடு, பிறகு தலைமாடு, பலகையைப் பாறைமேல் இறக்கி வைத்தார்கள்.

தீர்த்தகிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய முகத்தைப் பார்ப்பதுபோல அந்தக் கல்லைப் பார்த்தார். நாவல் கறை. டீ வட்டங்கள். ஆயிரம் சுமைகள் உரசி வழவழத்த நடுப்பகுதி. குனிந்து காதை வைத்தார். ஒரு வார்த்தை, திட்டாகவே இருந்தாலும், வருமா என்று கேட்டார். உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. தொம்பரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கேட்ட அதே நிசப்தம்தான் இருந்தது. எங்கே என்ற கேள்விக்கு அது அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. இன்று அவர் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாடா" என்றார் கடைசியில்.

வேடியப்பன் மறுபக்கம் உட்கார்ந்து, பலகையின்மேல், தோள் இருக்கக்கூடிய இடத்தில் கையை வைத்தான்.

"தூங்கிட்டா மாமா."

வெயில் சற்றுச் சாய்ந்தது. நட என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.